காற்று புகுந்தால் சேறு விட்டுவிடும்

சேறு என் வலது காலை முழங்கால் வரை விழுங்கியிருந்தது. இழுக்க இழுக்க இன்னும் கீழே போனது. கிள்ளைக்குக் கிழக்கே, பிச்சாவரம் காட்டின் ஓரமாகப் பிரிந்துபோகும் ஒரு சிறு வாய்க்கால் அது. பங்குனி மாதம், காலை ஏழு மணி. இடுப்பளவு தண்ணீரில் குனிந்திருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தார். பல்லில் கடித்திருந்த ஓலைப் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு, “இழுக்காதே தம்பி. குதிகாலை ஆட்டு. காற்று புகுந்தால் சேறு தானாக விட்டுவிடும்” என்றார்.

ஆட்டினேன். காலைச் சுற்றிக் குமிழிகள் கிளம்பின. கால் வெளியே வந்தது. அதோடு ஒரு நாற்றமும் வந்தது. அழுகிய முட்டையின் நாற்றம். ஆயா மறுபடி பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் தண்ணீருக்கடியில் தரையைத் தடவத் தொடங்கிவிட்டார். இருளர் பெண்கள் இறால் பிடிக்கும் முறை இது. வலை இல்லை, படகு இல்லை. விரல்தான் கண். விரலில் பட்ட இறாலைப் பிடித்துத் தலையைத் தூக்காமலே பறிக்குள் போடுகிறார்கள். ஒரு காலை முழுவதும் இப்படியே போகும்.

கையில் ஒட்டிய சேற்றைக் கழுவுமுன் உற்றுப் பார்த்தேன். மேலே ஒரு விரற்கடை அளவுக்குத்தான் பழுப்பு. அதற்குக் கீழே மை போன்ற கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் ஓர் இலை இருந்தது. வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலை. நடு நரம்பும் அதிலிருந்து பிரியும் கிளை நரம்புகளும் கலையாமல், யாரோ பத்திரப்படுத்தி வைத்ததுபோல இருந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் விழும் வேப்பிலை ஒரு மழைக்காலம் தாங்காது. கரையான் தின்னும், பூஞ்சை பிடிக்கும், கார்த்திகைக்குள் மண்ணோடு மண்ணாகிவிடும். இந்த இலைக்கு அப்படி எதுவும் நேரவில்லை. அந்த இலையைத்தான் நான் இந்தக் கட்டுரை முழுவதும் கையில் வைத்துக்கொண்டு பேசப்போகிறேன்.

இலை மட்குவதற்குக் காற்று வேண்டும். நாளுக்கு இரண்டு முறை கடல் வந்து மூடும் இந்தச் சேற்றில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. அதற்கும் கீழே வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரில் உள்ள சல்பேட்டைக் கொண்டுதான் பிழைக்கின்றன. அவற்றின் மூச்சுதான் அந்த முட்டை நாற்றம். அப்படிப் பிழைக்கும் உயிர்களால் வேகமாக எதையும் மட்கவைக்க முடியாது. அதனால் விழுந்த இலையும் செத்த வேரும் அரைகுறையாகவே தங்கிவிடுகின்றன. அவற்றின் மேல் ஆறும் அலையும் கொண்டுவரும் வண்டல் படிகிறது. அதன் மேல் மறுபடி இலை, மறுபடி வண்டல். மரம் காற்றிலிருந்து உறிஞ்சிய கரியமில வாயு இலையாகி, வேராகி, கடைசியில் சேற்றுக்குள் கார்பனாகப் படுத்துக்கொள்கிறது. நூறு ஆண்டு, ஆயிரம் ஆண்டு கூட அப்படியே கிடக்கும், யாரும் அதைக் கிளறாத வரை.

காடு கார்பனைச் சேமிக்கிறது என்றால் நம் கண்முன் வருவது பெருமரம்தான். அலையாத்திக் காட்டில் மரத்தைவிடச் சேறு பெரிய களஞ்சியம். 2011இல் ‘நேச்சர் ஜியோசயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வொன்றில், இந்தோ-பசிபிக் பகுதியில் 25 இடங்களில் அலையாத்திக் காடுகளை அளந்திருந்தார்கள். சராசரியாக ஹெக்டேருக்கு 1,023 டன் கார்பன். அதில் 49 முதல் 98 விழுக்காடு வரை மண்ணுக்குள். இந்த எண்ணை அப்படியே எடுத்துப் பிச்சாவரத்தின் மேல் ஒட்டிவிடக் கூடாது. நம் மரங்கள் குட்டையானவை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வாழ்பவை. நாள்தோறும் மழை பெய்யும் தீவுகளின் காடுகளோடு போட்டி போட முடியாதவை. ஆனாலும் கணக்கின் அமைப்பு மாறாது. இங்கும் சொத்து வேருக்குக் கீழேதான் இருக்கிறது.

எனக்கு இது புத்தகத்தில் படித்துப் புரிந்த விஷயம் இல்லை. ‘தானே’ புயல்தான் புரியவைத்தது.

2011 டிசம்பர் 30ஆம் தேதி காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே அது கரையேறியது. பண்ருட்டிக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் முந்திரித் தோப்பு இருந்தது. தாத்தா வைத்த மரங்கள். நடுவில் நான்கு பலா. காற்று ஓய்ந்ததும் போய்ப் பார்த்தோம். ஒரு மரம்கூட நிற்கவில்லை. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, வேர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. செம்மண் வேர்களிலிருந்து பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. எங்கள் தோப்பு மட்டுமல்ல, கண்ணுக்கு எட்டிய வரை மாவட்டம் முழுவதும் அப்படித்தான் கிடந்தது. ஊர் முழுக்க மரம் விழுந்த பிறகு விறகுக்கு என்ன விலை கிடைக்கும்? வந்த விலைக்குக் கொடுத்தோம். எங்கள் முந்திரி எந்தச் சூளைக்குப் போயிற்றோ தெரியாது. ஐம்பது ஆண்டு சேர்த்த கார்பன் ஒரு சில மாதத்தில் புகையாகப் போய்விட்டது. அப்பா அந்தத் தோப்புக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார்.

மேலே நிற்கும் மரத்தை நம்பி வைத்த சேமிப்பு, கூரை இல்லாத களத்தில் கொட்டிய நெல் போன்றது. புயல், தீ, கோடரி, எது வந்தாலும் போய்விடும். அலையாத்திக் காட்டிலும் புயலில் மரம் விழத்தான் செய்யும். விழுந்த மரத்தையும் சேறு உள்ளே வாங்கிக்கொள்கிறது என்பதுதான் வேறுபாடு.

இனி நெய்வேலிக்குப் போகலாம். பிச்சாவரத்தைப் பற்றிப் பேசும்போது நெய்வேலியை விட்டுவிட்டுப் பேசுகிறவர்களை என்னால் முழுமையாக நம்ப முடிவதில்லை. இரண்டும் ஒரே மாவட்டம். ஒன்று கடலோரம், மற்றொன்று உள்நாடு. ஒரே பொருளைத்தான் இரண்டு இடத்திலும் கையாள்கிறோம்.

ஏழாம் வகுப்பில் பள்ளியிலிருந்து சுரங்கம் பார்க்க அழைத்துப் போனார்கள். பார்வை மேடையில் நின்று கீழே பார்த்தபோது தலை சுற்றியது. ராட்சத சக்கரங்கள் மண்ணை வாரிக்கொண்டிருந்தன. திரும்பும்போது உடன் வந்த பணியாளர் ஒருவர் எனக்கு ஒரு துண்டு பழுப்பு நிலக்கரி கொடுத்தார். வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். அதில் மரத்தின் ரேகை இருந்தது. நகத்தால் நெம்பினால் சிராய் சிராயாகப் பிரிந்தது. “இது கல் இல்லையடா, மரம்” என்றார் அப்பா. அதற்குப் பிறகு எனக்கு நிலக்கரி என்ற சொல்லே சரியாகப் படவில்லை.

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது இந்தப் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டதாகச் சொல்லப்படும் கதை இங்கே எல்லா வீடுகளிலும் உண்டு. 1956இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. என் மாமா அங்கேதான் வேலை பார்த்தார். அவர் சம்பளத்தில்தான் எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் கல்லூரிக்குப் போனோம். நெய்வேலியைத் திட்டுவதற்கு நான் இதை எழுதவில்லை. அந்தப் பழுப்பு நிலக்கரி என்பது ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் சதுப்பு நிலத்தில் விழுந்து, நீருக்கடியில் காற்றில்லாமல் புதைந்த காடு. ஆயாவின் வாய்க்காலில் என் கையில் கிடைத்த இலை எந்த வேலையைத் தொடங்கியிருந்ததோ, அதே வேலையை முடித்துவிட்டு உறங்கிக்கொண்டிருந்த காடு. அதை எழுப்பி எரிக்கிறோம்.

புதுச்சேரிக்கு மேற்கே திருவக்கரையில் கல்மரங்கள் கிடக்கின்றனவே, அவையும் அந்தப் பழைய உலகத்தின் மிச்சம்தான். வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் பலரும் அந்தப் பூங்காவை எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். 1781இல் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் அந்தக் கல்மரங்களைப் பற்றி முதலில் எழுதிவைத்தார். அதே சொன்னராவின் பெயரால்தான் அலையாத்தி மரங்களில் ஓர் இனம் சொன்னரேசியா என்று வழங்கப்படுகிறது. அந்த இனத்து மரம் பிச்சாவரத்திலும் நிற்கிறது. இறந்த காட்டையும் இருக்கும் காட்டையும் ஒரே மனிதரின் பெயர் தொட்டுக்கொண்டு நிற்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அலையாத்திக் காடுகள் சேற்றுக்குள் புதைக்கும் கார்பன், உலகச் சராசரியாக, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன். பிச்சாவரம் காடு சுமார் 1,100 ஹெக்டேர் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2,200 டன் கார்பன். கரியமில வாயுவாக மாற்றிச் சொன்னால் சுமார் 8,000 டன். ஒரு டன் பழுப்பு நிலக்கரியை எரித்தால் ஏறத்தாழ ஒரு டன் கரியமில வாயு வெளிவரும். நெய்வேலியில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் வெட்டுகிறார்கள். அதாவது, பிச்சாவரம் ஓர் ஆண்டு முழுவதும் உழைத்துப் புதைப்பதை, நெய்வேலியில் நான்கு மணி நேரத்துக்குள் எரித்துத் தீர்த்துவிடுகிறோம்.

முதன்முதலில் இந்தக் கணக்கை முடித்தபோது எனக்கு மனம் ஒடிந்துவிட்டது. நான்கு மணி நேரம்தானா? பிறகு எதற்கு இந்தக் காட்டை இவ்வளவு கட்டிக்காக்க வேண்டும்? சில நாட்கள் கழித்துத்தான் என் தவறு எனக்கு உறைத்தது. நான் பார்த்தது வட்டியை. சேற்றுக்குள் இருப்பது முதல். ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 2 டன் என்பது வட்டி. பல நூறு ஆண்டு வட்டி சேர்ந்து சேர்ந்து கீழே கிடப்பது முதல். வட்டி குறைவு என்பதற்காக முதலை அள்ளித் தெருவில் வீசுகிறவர் உண்டா? காட்டை அழித்து, சேற்றைத் தோண்டிக் கரையாகப் போட்டுக் குளம் வெட்டினால், பல நூறு ஆண்டு காற்றுப் படாமல் கிடந்ததற்குக் காற்றுப் படுகிறது. அதன்பின் சேறு பிடித்து வைத்திருக்குமா? ஆயா என் காலுக்குச் சொன்னதுதான் கார்பனுக்கும். காற்று புகுந்தால் விட்டுவிடும்.

இந்தக் கடற்கரையில் அது நடக்கவும் செய்தது. 1990களில் இறால் பண்ணைகள் கடலூர், நாகப்பட்டினம் கரைகளில் பெருகிய வேகத்தை இன்றைக்கு இளைஞர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். வயலும் சதுப்பும் ஒரே மாதிரி குளங்களாயின. குடிநீர் உப்பானது. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் அத்தகைய பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. பிச்சாவரம் காப்புக்காடாக இருந்ததால் தப்பியது. சுற்றியிருந்த நிலங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

காப்புக்காடு என்ற பெயரும் எப்போதும் காப்பாற்றிவிடவில்லை. பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, பிச்சாவரத்தை விறகுக்காகப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையடித்தார்கள். வெட்டினால் தானாக முளைத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. முளைக்கவில்லை. நிழல் போன சேற்றில் வெயில் நேராக விழுந்தது. ஈரம் ஆவியாகி மண் சுருங்கியது; நிலம் நடுவில் தாழ்ந்து தொட்டி போலாயிற்று. வரும் அலைநீர் அந்தத் தொட்டிக்குள் புகுந்து, வெளியேற வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போனது. உப்புக்குப் பேர்போன வெண்கண்டலே வேர்பிடிக்க முடியாத உப்பு.

அதன் காரணத்தை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கண்டறிந்து, 1990களில் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து செய்த வேலையை நான் மதிக்கிறேன். அவர்கள் முதலில் கன்று நடவில்லை. வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போல இருக்கும். கடல் ஏறும்போது நீர் எல்லா மூலைக்கும் போகும், இறங்கும்போது உப்பையும் கழுவிக்கொண்டு வெளியேறும். இங்கே ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. அந்தக் குறைந்த ஏற்ற இறக்கத்தைக்கூட வீணாக்காமல் பிடித்துக்கொண்டார்கள். நீர் திரும்பியது. அதன் பிறகு நட்ட கன்று பிடித்தது. நடாத இடத்திலும் முளைத்தது. வறண்ட தொட்டியாகக் கிடந்த இடங்களில் இன்றைக்குப் படகில் போனால் தலைக்கு மேல் கிளை தட்டுகிறது.

நீர்வழியைச் சரிசெய்யாமல் கன்று நட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பு நடத்திய நடவு விழாவுக்குப் போயிருந்தேன். எந்த அமைப்பு என்பது முக்கியமில்லை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், ஓதம் இறங்கினால் வெளித்தெரியும் வெறும் சேற்றுத்திட்டு. பச்சைச் சட்டை போட்ட நூறு பேர் இறங்கி, முருங்கைக்காய் போல நீண்ட சுரபுன்னை முளைகளை வரிசை வரிசையாகக் குத்தினோம். புகைப்படம் எடுத்தோம். எனக்கு மிகப் பெருமையாக இருந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், “இங்கே கண்டல் முளைக்க வேண்டுமென்றால் யாரையும் கேட்காமல் அதுவே முளைத்திருக்காதா, தம்பி?” என்றார். நான் அதை எதிர்மறைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

மார்கழியில் போய்ப் பார்த்தேன். நட்டதில் பத்துகூட இல்லை. நின்றவற்றின் தண்டு முழுக்கச் சிப்பி ஒட்டியிருந்தது. அந்தத் திட்டு நெடுநேரம் நீருக்கடியில் இருக்கும் தாழ்வான இடம். கன்றால் அத்தனை நேரம் மூச்சடக்க முடியாது. அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் உள்ளான் பறவைகள் இரை பொறுக்கும் இடம் அந்த வெறுஞ்சேறு. வெறுமையாக இருக்கிறதே என்று நினைத்து நாங்கள் நிரப்பப் போனது ஒரு பந்தியை. கடற்கரை மணல்மேட்டை மட்டமாக்கிச் சவுக்கு வைப்பதும் இதே வகைத் தவறுதான். பங்குனி ஆமை முட்டையிட வரும் மணலில் மரம் வைத்துவிட்டு, பசுமையாக்கிவிட்டோம் என்கிறோம். அன்றைக்கு அந்த மீனவரிடம் உட்கார்ந்து பத்து நிமிடம் கேட்டிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

புதுச்சேரியில் நண்பர்கள் கேட்பார்கள்: கார்பனுக்காகக் காக்கிறோமா, உயிர்களுக்காகக் காக்கிறோமா? ஊசுட்டேரிக் கரையில் கூழைக்கடாவைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதும், தேங்காய்த்திட்டில் நெகிழிப் பைகளுக்கு நடுவே மூச்சு வேர்கள் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதும் இந்தக் கேள்வி வரும். பிச்சாவரத்தில் குனிந்து பார்த்தால் கேள்வியே கரைந்துவிடுகிறது.

அன்று வாய்க்கால் கரையில் உட்கார்ந்து நண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நிழல் விழுந்ததும் எல்லாம் வளைக்குள் ஓடிவிட்டன. அசையாமல் கொஞ்ச நேரம் இருந்தேன். முதலில் ஒரு கண் வந்தது, காம்பின் நுனியில். பிறகு ஒரு கொடுக்கு. விரல் நகம் அளவு நண்டு. அதைவிட நான்கு மடங்கு நீளமான, பழுத்து விழுந்த கண்டல் இலை ஒன்றைக் கவ்வியது. இழுத்தது. இலை வளை வாயில் குறுக்காக மாட்டிக்கொண்டது. நண்டு விட்டுவிட்டு மறுபக்கம் போய்க் காம்பைப் பிடித்துத் திருப்பியது. மறுபடி இழுத்தது. இலை சுருண்டு, மெல்ல மெல்ல உள்ளே போய் மறைந்தது. மறைந்த இடத்தில் ஒரு துளி நீர் ததும்பி நின்றது.

அந்த நண்டு இல்லாவிட்டால் அந்த இலையை அடுத்த ஓதம் கடலுக்கு அடித்துக்கொண்டு போயிருக்கும். நண்டு அதைச் சேற்றுக்குள் இறக்குகிறது. பாதியைத் தின்கிறது, மிச்சம் புதைகிறது. அதன் கழிவை நுண்ணுயிர் தின்கிறது, நுண்ணுயிரை இறால் குஞ்சு தின்கிறது, இறாலை மடவையும் கொடுவாவும் நீர்க்காகமும் ஆயாவும் எடுத்துக்கொள்கிறார்கள். நண்டின் வளை வழியே நீர் இறங்கி உப்பைக் கழுவுகிறது, வேர் பிழைக்கிறது. நண்டையும் இறாலையும் தனியாகவும் கார்பனைத் தனியாகவும் பிரித்துக் காக்க முடியாது. கார்பன் கணக்கை மட்டும் பார்க்கிறவர், சீக்கிரம் வளரும் ஒரே மரத்தை ஆயிரம் ஏக்கரில் வரிசையாக நட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். நண்டு வரிசையைப் பார்த்து வருவதில்லை.

இந்தக் காட்டில் உள்ள மரங்களின் பெயரைக்கூட நாம் மறந்துகொண்டிருக்கிறோம். படகில் வருகிறவர்களுக்கு எல்லாமே சுரபுன்னை. உண்மையில் பெரும்பகுதி வெண்கண்டல். அதன் இலையின் அடிப்புறத்தை நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றிவிடும் மரம் அது. கரையோரம் தில்லை நிற்கிறது. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த, நடராசர் கோயிலின் தலமரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்று ஊரில் எச்சரிப்பார்கள். தில்லை வனம் என்று பாடப்பட்ட ஊருக்குள் தில்லையைத் தேடினால் கிடைக்காது. பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே இவ்வளவு தூரம் வரவேண்டும். நெய்தல் பாடல்களில் ‘கண்டல் வேலி’ என்று ஒரு தொடர் வரும். கடலுக்கும் ஊருக்கும் நடுவே நிற்கும் வேலி. அந்தச் சொல்லின் பொருள் 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி வந்தபோது எங்களுக்கு விளங்கியது.

அன்று மணல்திட்டுகளில் இருந்த சின்னவாய்க்கால், பில்லுமேடு, எம்.ஜி.ஆர். திட்டு ஆகிய ஊர்களைக் கடல் துடைத்துக்கொண்டு போனது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் மிகக் குறைவு. 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் நம் கடலூர் கரையை வைத்தே ஒரு கட்டுரை வந்தது. மரங்கள் இருந்த இடத்தில் பாதிப்பு குறைந்தது என்றது. காட்டைவிட, கடலிலிருந்து இருந்த தூரமும் மேடும்தான் காரணம் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். மறுத்தது நியாயம், சரியாக ஆராயாமல் காட்டைச் சுவராக நம்பி உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. கிள்ளையில் அன்று மரத்தைப் பிடித்துத் தொங்கி உயிர் தப்பியவர்களிடம் அந்த விவாதத்தைக் கொண்டுபோக எனக்கு வாய் வரவில்லை.

2022இல் பிச்சாவரம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மகிழ்ச்சிதான். பெயர்ப்பலகை வந்தது. தண்ணீர்தான் வரவில்லை. காட்டுக்கு உப்பு நீர் மட்டும் போதாது. வெள்ளாறும் கொள்ளிடமும் நல்ல நீர் கொண்டுவந்து உப்பைத் தணித்தால்தான் தில்லையும் சுரபுன்னையும் நிற்கும். கொள்ளிடத்தில் மிஞ்சியது மட்டுமே கடலுக்கு வருகிறது. மேட்டூர் அணை 1934இல் வந்ததிலிருந்து ஆற்றின் நடையே மாறிவிட்டது. ‘நீர் வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கடலில் கலக்குமுன் அது எங்கே தங்கி என்ன செய்துவிட்டுப் போகிறது என்று எழுதுகிறவர் ஒருமுறை வந்து பார்த்தாரா? முகத்துவாரத்துக்கு வரும் நல்ல நீரும் பாசனம்தான். அதில் விளைவது இறாலும் மீனும் சேறும். இவ்வளவு கன அடி காட்டுக்கு என்று ஆற்றுக் கணக்கில் ஒரு வரி எழுதப்பட வேண்டும். நடவு விழாவுக்குச் செலவழிக்கும் பணத்தை, தூர்ந்துபோகும் மீன்முள் வாய்க்கால்களை ஆண்டுதோறும் தூர்வாரச் செலவழித்தால் அதுவே பெரிய காப்பு.

நெய்வேலிக்காரர்களுக்கும் ஒரு சொல். எங்கோ ஒரு கடற்கரையில் அலையாத்தி நட்டுவிட்டதால், இங்கே எரிப்பதற்குக் கணக்கு நேராகிவிட்டது என்று எந்த நிறுவனம் சொன்னாலும் நம்பாதீர்கள். நான்கு மணி நேரக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எரிப்பதைக் குறைப்பது ஒரு வேலை, இருப்பதைக் காப்பது வேறொரு வேலை. ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்பிக்க முடியாது.

காப்பது என்றதும் வேலி போட்டு ஆட்களை வெளியே தள்ளுவது என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஆயாவின் தலைமுறை இந்தக் காட்டின் ஒவ்வொரு வாய்க்காலையும் விரலால் அறிந்தது. எந்த வளைவில் சேறு கூடியிருக்கிறது, எங்கே நீர் தேங்கிக் கெட்டுவிட்டது, எந்த மாதம் இறால் குஞ்சு ஏறும், எல்லாம் அவருக்குத் தெரியும். கையால் தடவிப் பிடிப்பவரால் காட்டுக்குக் கேடில்லை. சேற்றைக்கூட அவர் கலக்குவதில்லை. வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. இருளர்கள் இந்தக் காட்டில் வழிவழியாகச் செய்துவரும் தொழிலுக்கு உரிமையைக் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுப்பது காட்டுக்கு நூறு காவலர்களை வைப்பதற்குச் சமம் என்று நான் நம்புகிறேன்.

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகப் பெருமாள் கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். வழியில் தர்காவில் வரவேற்பு உண்டு. கடலுக்கடியில் கிடந்த பூமியை மேலே கொண்டுவந்த அந்தப் பெருமாள் நீராட இந்தச் சேற்றுக்கரையைத் தேடி வருவது பொருத்தமாகத்தான் எனக்குத் தோன்றும். இந்த முறை கூட்டத்தில் ஆயாவும் நின்றிருந்தார். என்னைத் தெரிந்துகொண்டார்.

“காலில் புண் ஆறிவிட்டதா தம்பி?” என்றார். அன்று வாய்க்காலில் சிப்பி கீறியதை நான் மறந்திருந்தேன். ஆறிவிட்டது என்றேன்.

“நாளை ஓதம் காலை ஆறு மணிக்கு இறங்கும். வருவதென்றால் விடியுமுன் வா. செருப்பு வேண்டாம்.”

விடியுமுன் போனேன். வாய்க்கால் பாதி வற்றியிருந்தது. கரை முழுக்க மூச்சு வேர்கள் பென்சில் முனைகள் போலக் குத்திட்டு நின்றன. ஆயா எனக்கு முன்னே இறங்கினார். கால் வைத்த இடத்தில் அதிர்வே இல்லை. அவர் கால் வைத்த இடம் பார்த்து நானும் கால் வைத்தேன். பறியைப் பல்லில் கடிப்பதற்கு முன் திரும்பி, “இங்கிருந்து மெதுவாக வா. கீழே நிறைய வேர் இருக்கிறது” என்றார்.